அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பழகுபவர்கள் கேட்டுப் பெறக்கூடியவை

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் உரிமத்துக்குப் படிப்பவர்கள், எதைச் செய்யக்கூடாது என்ற விதிகளை நன்றாகவே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சாதகமான ஏற்பாடுகளும் நிறைய உண்டு. பெரும்பாலும் கேட்டால்தான் கிடைக்கும். புதியவர்கள் அங்கேதான் தயங்குகிறார்கள்.

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவரை ரேடியோவில் முதலில் அழைக்கும்போதே, விமானத்தின் அழைப்புக்குறியோடு ‘ஸ்டூடண்ட் பைலட்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்.ஏ.ஏ.வின் கையேடே இதைப் பரிந்துரைக்கிறது. உங்களுக்குக் கூடுதல் உதவி தேவை என்று, அங்கிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலருக்குத் தெரிந்துவிடும். உத்தரவு புரியவில்லையா, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். செய்ய முடியாததா, ‘அனேபிள்’ (முடியாது) என்று மறுத்துவிடுங்கள். நீண்ட பயணத்தில் ‘ஃப்ளைட் ஃபாலோயிங்’ கேளுங்கள். வேலைப்பளு அனுமதித்தால் ரேடாரில் உங்களைக் கவனித்து, அருகில் வரும் விமானங்களைச் சொல்வார்கள். காசு கிடையாது.

அவசர நிலை என்றால், அதைச் சமாளிக்கத் தேவையான அளவுக்குப் பறத்தல் விதிகளை மீற விமானிக்குச் சட்டமே அதிகாரம் தருகிறது. பின்னர் எஃப்.ஏ.ஏ. கேட்டால் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், அவ்வளவுதான். அந்த விளக்கத்துக்குப் பயந்து, ‘மேடே’ என்ற அவசர அழைப்பைச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது, 1976 முதல் நாசா நடத்திவரும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டம். தெரியாமல் அனுமதியற்ற வான்பகுதிக்குள் நுழைந்துவிட்டீர்கள், அல்லது சொன்ன உயரத்தைத் தவறவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 நாட்களுக்குள் நடந்ததை எழுதி நாசாவுக்கு அனுப்பினால், எஃப்.ஏ.ஏ. விதிமீறலைப் பதிவு செய்தாலும் அபராதமோ உரிம இடைநீக்கமோ விதிக்காது. வேண்டுமென்றே செய்ததாகவோ, குற்றமாகவோ, விபத்தாகவோ இருந்தால் இந்தச் சலுகை இல்லை. முந்தைய 5 ஆண்டுகளில் வேறு மீறல் உறுதியாகியிருந்தாலும் இல்லை. அறிக்கையிலிருந்து பெயரை நீக்கிவிட்டுத்தான் தகவலைப் பயன்படுத்துகிறார்கள். அனுப்பியதற்கான சான்று உங்களுக்குத் திரும்பி வரும், அதைப் பத்திரமாக வைத்திருங்கள். தண்டனைக்கு அஞ்சி மறைக்கப்படும் தவறுகள் வெளியே வந்தால்தான் அடுத்தவர் பிழைப்பார். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஒவ்வொரு பயிற்றுநரும் முதல் மாதத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

சரி, உரிமம் கைக்கு வந்துவிட்டது. மாணவராக இருந்தவரை பயணிகளை ஏற்றவே கூடாது. இப்போது ஏற்றலாம், செலவையும் பகிரலாம். எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை ஆகிய நான்கை மட்டும். உங்களோடு சேர்த்து நால்வர் என்றால் கால் பங்காவது உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அந்த ஊருக்குப் போக உங்களுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். இணையத்தில் பொதுமக்களை அழைத்து ஆள் சேர்ப்பது கூடாது. அப்படி ஒரு தளம் தொடுத்த வழக்கில் 2015இல் நீதிமன்றமும் எஃப்.ஏ.ஏ. பக்கமே நின்றது.

பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிட எரிபொருள் மிச்சம் இருக்கும்படி கிளம்பினால் சட்டத்துக்குப் போதும். புதியவருக்கு அது போதாது என்பது என் கருத்து. ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பயணிகளை ஏற்ற, கடந்த 90 நாட்களில் அதே வகை விமானத்தில் மூன்று முறை மேலெழும்பித் தரையிறங்கியிருக்க வேண்டும். இரவுப் பயணத்துக்கு அந்த மூன்றும் இரவில், விமானம் முழுதாக நின்ற தரையிறக்கங்களாக இருக்க வேண்டும். நாள் கடந்துவிட்டதா, முதலில் தனியாகப் போய் அதை முடித்துவிட்டு, அப்புறம் நண்பர்களை ஏற்றுங்கள்.