சூசூ: கடல் கடந்த சீட்டு

கரீபியத் தீவுகளான டிரினிடாட், கிரெனடா பக்கம் பெண்களின் பேச்சில் அடிக்கடி வரும் சொல் சூசூ. கானாவிலும் அதே பெயர்தான். பத்துப் பேர் சேர்ந்து வாரத்துக்கு ஆளுக்கு 20 டாலர் போடுவார்கள். சேர்கிற 200 டாலரை அந்த வாரம் ஒருவர் அப்படியே எடுத்துக்கொள்வார், அடுத்த வாரம் இன்னொருவர். பத்தாவது வாரம் முடியும்போது எல்லோரும் ஒருமுறை எடுத்திருப்பார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. அட, இது நம்ம சீட்டு அல்லவா என்று தோன்றுகிறதா? சரிதான்.

சொல்லின் வேர் யோருபா மொழியில் இருக்கிறது. இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில் இதற்குப் பெயர் எசூசூ. பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழி பேசிய கரீபியத் தீவுகளில், 'சூ' என்ற பிரெஞ்சு செப்புக்காசின் பெயரிலிருந்து வந்ததென்று சிலர் சொல்வதுண்டு. எழுத்துக்கூட்டலும் அப்படியே அமைந்துவிட்டது. ஆனால் சொல்லும் வழக்கமும் சேர்ந்தே யோருபா நாட்டில் இருக்கும்போது காசு வரைக்கும் போகத் தேவையில்லை. மானிடவியலாளர் வில்லியம் பாஸ்கம் 1952இல் எசூசூ பற்றி எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. அடிமைகளாகக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோனவர்களின் சொந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். அந்த நிலையிலும் இந்தச் சொல் ஓர் 'எ'வை மட்டும் இழந்து அக்கரை சேர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

பஹாமாஸில் இது அசூ. ஜமைக்காவில் பார்ட்னர், கயானாவில் பாக்ஸ் ஹேண்ட், ஹெய்ட்டியில் சோல். சோமாலியப் பெண்கள் அயூதோ என்பார்கள். அது உதவி என்று பொருள்படும் இத்தாலியச் சொல்.

இதை நடத்துகிறவர் பெரும்பாலும் ஒரு பெண். ஜமைக்காவில் அவரை பேங்க்கர் என்கிறார்கள். யாரைச் சேர்ப்பது, யாருக்கு எந்த முறை என்பதெல்லாம் அவர் முடிவு. புதிதாக வந்தவருக்குக் கடைசி முறை. ஒருவருக்குப் பள்ளிக் கட்டணமோ ஊரில் ஒரு சாவோ என்று வந்தால் அவரை முன்னே தள்ளிவிடுவார். ஒருத்தி கட்டாமல் போனால் தன் கைப்பணத்தைப் போட்டு அந்த வாரத்தை நிரப்புவார். எங்கள் தெருவில் சீட்டு பிடித்த அத்தையும் இப்படித்தான். நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பார், கட்டாதவர் பெயருக்கு நேரே சின்னதாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளி என்னவென்று வேறு யாருக்கும் சொல்லமாட்டார்.

1948இல் கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு விண்ட்ரஷ் கப்பல் லண்டனுக்குப் பக்கத்தில் டில்பரி துறைமுகம் வந்தது. அதற்குப் பின் பிரிட்டனில் குடியேறிய கரீபியக் குடும்பங்களுக்கு வாடகைக்கு அறை கிடைப்பதே பாடு, வங்கிக் கடன் அதைவிடப் பாடு. நர்ஸ் வேலையும் துப்புரவு வேலையும் பார்த்த பெண்கள் வாராவாரம் பார்ட்னர் கட்டி, அதில் வந்த மொத்தத்தை முன்பணமாக வைத்து வீடு வாங்கினார்கள். வங்கி மறுத்ததை ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள்.

மொழிபெயர்க்கும்போது இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சுழற்சிமுறைச் சேமிப்புக் கடன் சங்கம் என்று பாடநூல் பாணியில் எழுதலாம். யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். ஏலச்சீட்டு என்பதும் பொருந்தாது. ஏலத்தில் தள்ளிக் கேட்டவருக்குத் தொகை குறையும், சூசூவில் யாருக்கும் குறையாது. குலுக்குச் சீட்டுதான் கிட்ட வருகிறது, ஆனாலும் சூசூவில் எப்போதும் குலுக்கல் இருப்பதில்லை. வெறும் சீட்டு என்பதே போதும். முதல் இடத்தில் மட்டும் சூசூச் சீட்டு என்று எழுதிவிடலாம். பேங்க்கரை வங்கியாளர் ஆக்கிவிடாதீர்கள். அவர் சீட்டு பிடிக்கிறவர்.

ஆப்பிரிக்கப் பெண்கள் பற்றிய கட்டுரைகளில் 'அதிகாரமளித்தல்' என்ற சொல் தவறாமல் வரும். சூசூ இருக்கிற பக்கத்தில் அதைப் பார்த்தால் எனக்கு உறுத்துகிறது. அளித்தல் என்றால், அளித்தது யார்? அங்கே வலுப்பெறுதல் என்று எழுதுவேன்.

அப்புறம், வினைச்சொற்கள். ஜமைக்காக்காரர்கள் பார்ட்னரை 'எறிகிறார்கள்'. நாம் சீட்டு கட்டுகிறோம். தன் முறை வந்து பணம் வாங்குவதை அவர்கள் 'இழுத்தாள்' என்பார்கள், நமக்கு 'சீட்டு எடுத்தாள்'. ஒரு பங்குக்கு அங்கே 'கை' என்று பெயர். ஒருத்திக்கு இரண்டு கை இருக்கிறது என்று படித்தால், 'ரெண்டு சீட்டு போட்டிருக்கிறாள்' என்று எழுதுங்கள்.