சாம்பலை அள்ளாமல் அடுப்பை மூடாதீர்கள்

தை பிறக்கப் போகிறது என்றால் என் பட்டறை வாசலில் கல்யாணச் சமையல்காரர்களின் இரும்பு விறகடுப்புகள் வரிசைகட்டிவிடும். பலவற்றில் அடித்தகடே இருக்காது. நேற்று வந்த அடுப்பில் கால் ஒட்டிய இடத்தை லேசாகத் தட்டினேன், சுத்தியல் உள்ளே போய்விட்டது. கார்த்திகை முகூர்த்தத்தில் அதன்மேல்தான் பிரியாணி அண்டா ஏறியிருக்கிறது. பக்கத்தில் நின்று கிண்டியவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

கேட்டால், "தார்ப்பாய் போட்டு மூடித்தானே அண்ணே வச்சிருந்தேன்" என்கிறார்கள். சரி, உள்ளே இருந்த சாம்பல்?

"சாம்பல் போட்டுத்தானே பாத்திரமே விளக்குறோம், இரும்பை என்ன செய்யும்?" இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பாத்திரத்தை விளக்கிய கையோடு கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். அடுப்பில் சாம்பல் மார்கழி முழுக்கக் கிடக்கிறது. அதில் இருக்கும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துத் தகட்டோடு ஒட்டவைத்துக்கொள்ளும். மேலே வெயில் காய்ந்தாலும் அடியில் ஈரம் போகாது. நம் ஊர்க் கடல்காற்றின் உப்பும் அதோடு சேர்கிறது. பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தையே துரு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவேண்டி வந்தது. அடுப்புத் தகடு எம்மாத்திரம்? தரை வரை இறுக்கிக் கட்டிய தார்ப்பாய் அந்த ஈரத்தை வெளியேறவும் விடாது.

மழைக்கு அடுப்பை ஓரம் கட்டும்போது, தணல் முழுக்க அணைந்தபின் கம்பித்தட்டைக் கழற்றி மூலை முடுக்கெல்லாம் சுரண்டி அள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளியில் அள்ளவே கூடாது, சாம்பலுக்குள் கங்கு மறுநாள்கூட உயிரோடு இருக்கும். கம்பி பிரஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புத்தண்ணீர் வரும் போர்வெல்லில் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம். பிறகு நாலு சுள்ளி வைத்து எரித்து உலர்த்தி, அந்தச் சாம்பலையும் அள்ளிவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்பக்கம் சமையல் எண்ணெயை மெல்லியதாகத் துடைத்துவிடுங்கள். பழைய இஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம், அடுத்த முறை பற்றவைக்கும்போது அந்தப் புகை சமைப்பவர் மூச்சில்தான் போகும். வெளிப்பக்கத் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சூடு தாங்கும் பெயின்ட் அடியுங்கள். சாதாரண ரெட் ஆக்சைடு அடுப்புச் சூட்டில் கருகி உரிந்துவிடும். அப்புறம் கூரைக்கடியில் செங்கல்மேல் தூக்கி வைத்து, காற்றோட்டமாக வாயைத் திறந்தே விடுங்கள்.

கரையில் ஒதுங்கிய கட்டையையும் உடைந்த வள்ளத்துப் பலகையையும் தயவுசெய்து எரிக்காதீர்கள். ஊறிய உப்பு தகட்டை அரிக்கும், பெயின்ட் புகை நெஞ்சை அரிக்கும். ஊரெங்கும் சீமைக்கருவேலம் கிடக்கும்போது அது எதற்கு?

ஓட்டைக்கு ஜி.ஐ. தகடு வைத்துத் தரச் சொல்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு புகையாகக் கிளம்பும், அது உடம்புக்கு ஆகாது.

மறுபடி பற்றவைக்கும் முன் காலையும் அடித்தகட்டையும் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று கேட்டால் சரி. 'டொப்' என்றால் அண்டாவை ஏற்றாதீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கொண்டுவந்து நிற்காமல் ஒரு வாரம் முன்னாலேயே கொண்டுவாருங்கள். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க நேரம் வேண்டும், துருவின்மேல் வைக்கிற வெல்டிங் நிற்காது.