நிரை இலக்கத்தை நம்ப வேண்டாம்: ஜாவா மரவடிவ அட்டவணையும் அதன் தரவு மாதிரியும்

திருகோணமலை மாவட்டத்தில் வெள்ள நிவாரணம், வாழ்வாதார உதவி, மீன்பிடி உபகரணப் பங்கீடு என எந்தப் பட்டியலை எடுத்தாலும் அது மரவடிவத்திலேயே அமைகிறது. மாவட்டத்தின் கீழ் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், ஒவ்வொன்றின் கீழும் கிராம அலுவலர் பிரிவுகள், அவற்றின் கீழ் குடும்பங்கள், குடும்பத்தின் கீழ் அங்கத்தவர்கள். இந்தப் படிநிலையை விரித்தும் சுருக்கியும் பார்க்கவும், அதே நிரையில் (குறுக்கு வரிசையில்) முகவரி, வழங்கிய அளவு, திகதி ஆகிய நிரல்களை (நெடுக்கு வரிசைகளை) காணவும் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய மென்பொருள்களில் மரவடிவ அட்டவணையைப் பயன்படுத்துகிறோம். இத்தகைய மென்பொருள்களை எழுதுவதும், பிறர் எழுதியவற்றைச் சீர்செய்து கொடுப்பதும் என் தொழில். சீர்செய்யக் கொண்டுவரப்படுபவற்றில் அடிக்கடி காண்பது ஒரே குறைதான்: திரையில் தெரியும் நிரையையே பதிவு என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது.

இதனால் என்ன நடக்கும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். வடகீழ்ப் பருவ மழையில் மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளம் ஏறிய காலத்தில், உலர் உணவுப் பொதி வழங்கிய ஓர் அமைப்பு இப்படியான மென்பொருள் ஒன்றை வைத்திருந்தது. பொதியைப் பெற்ற குடும்பத்தின் நிரையைத் தெரிவுசெய்து, ‘வழங்கப்பட்டது’ என்ற பெட்டியில் சரி அடையாளம் இட வேண்டும். உத்தியோகத்தர் பெயர் நிரலின் தலைப்பை ஒருமுறை அழுத்தினார். குடும்பங்கள் அகரவரிசையில் அடுக்கப்பட்டன. அதன் பிறகு அவர் இட்ட ஒவ்வோர் அடையாளமும் திரையில் உரிய இடத்தில் விழுந்ததாகத் தெரிந்தாலும், தரவுத்தளத்தில் வேறொரு குடும்பத்தின் மேல் விழுந்தது. பொதி கிடைக்காத குடும்பம் ‘பெற்றுவிட்டது’ என்று திருப்பி அனுப்பப்பட்டது. செய்நிரலைத் திறந்து பார்த்தபோது காரணம் ஒரே வரியில் இருந்தது: தெரிவான நிரையின் இலக்கத்தை எடுத்து, பதிவுகளை வரிசையாக வைத்திருக்கும் அர்ரேலிஸ்டில் அதே இலக்கத்தில் உள்ள குடும்பத்தை மாற்றுமாறு எழுதப்பட்டிருந்தது.

ஜாவாவில் திரைகளை அமைக்கும் கருவித்தொகுதிகளில் ஒன்று ஜாவாஎஃப்எக்ஸ். அதன் மரவடிவ அட்டவணையான ட்ரீடேபிள்வியூவில் அடுக்கும்போது, மரத்தின் கணுவான ஒவ்வொரு ட்ரீஐட்டமும் வைத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியலே இடம் மாற்றி அடுக்கப்படுகிறது. பழைய ஒழுங்கு எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ஒரு கிளையைச் சுருக்கினாலே அதற்குக் கீழுள்ள நிரைகளின் இலக்கங்கள் எல்லாம் மாறிவிடுகின்றன. ஆகவே நிரை இலக்கம் என்பது அந்தக் கணத்தில் திரை எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பதிவு வேண்டுமானால் தெரிவான ட்ரீஐட்டத்தைக் கேட்டு, அதன் உள்ளே இருக்கும், பதிவைத் தாங்கும் பொருளை (ஆப்ஜெக்டை) எடுத்து, அந்தப் பொருளின் நிலையான அடையாள எண்ணைக் கொண்டே தரவுத்தளத்தில் எழுத வேண்டும். இது ஒரு வரி மாற்றம். ஆனால் அந்த ஒரு வரியை எழுதக்கூடிய வகையில் தரவு மாதிரி, அதாவது திரைக்குப் பின்னால் பதிவுகளை வைத்திருக்கும் அமைப்பு, முன்கூட்டியே அமைந்திருக்க வேண்டும். பல மென்பொருள்களில் அப்படி அமைந்திருப்பதில்லை என்பதே என் கவலை.

அடையாள எண் என்றவுடன் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பயன்படுத்துவோர் பலர். இலங்கையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய முறை இருந்தது. 2016 முதல் 12 இலக்க முறை வந்தது. இரண்டும் இன்று புழக்கத்தில் உள்ளன. ஒரு குடும்பத் தலைவர் புதிய அட்டை எடுத்து வந்து பதிவைத் திருத்தும்போது, இரு பொருள்கள் ஒன்றா எனச் சொல்லும் ஈக்குவல்ஸ், பொருளை விரைவாகத் தேட உதவும் ‘ஹாஷ் பெறுமதி’ என்ற எண்ணைத் தரும் ஹாஷ்கோட் ஆகிய இரண்டு செயல்முறைகளும் அந்த இலக்கத்தின் மேல் எழுதப்பட்டிருந்தால், திருத்திய அந்தக் கணத்தில் பொருளின் ஹாஷ் பெறுமதி மாறிவிடுகிறது. ஜாவாவின் இன்னொரு திரைக் கருவித்தொகுதியான ஸ்விங்கில் மரத்தைக் காட்டும் ஜேட்ரீ, எந்தக் கிளை விரிந்திருக்கிறது என்பதை அந்தப் பெறுமதியால் தேடும் ஹாஷ் அட்டவணை ஒன்றிலேயே வைத்திருக்கிறது. அதன் சாவியான ட்ரீபாத் (வேரிலிருந்து கணு வரையான பாதை) தன் ஹாஷ் பெறுமதியைக் கடைசிக் கணுவிடமிருந்தே பெறுகிறது. சாவி மாறினால் அட்டவணையில் இருப்பது கைக்கு எட்டாமல் போகிறது. விரித்து வைத்த குடும்பம் காரணமின்றிச் சுருங்குகிறது. ஜேஃபேஸ் என்ற மற்றொரு கருவித்தொகுதியின் ட்ரீவியூவரில் ஹாஷ் தேடலை இயக்கியிருந்தால், திருத்திய பதிவுக்குரிய நிரையைக் கண்டுபிடிக்க முடியாமல் அது பழைய பெறுமதியையே காட்டிக்கொண்டிருக்கும். மக்கள் திருத்தக்கூடிய எந்தப் புலத்தையும் அடையாளமாக வைக்காமல், மென்பொருளே வழங்கி ஒருபோதும் மாற்றாத ஓர் எண்ணை வைப்பதே சரி.

ஒவ்வொரு கருவித்தொகுதியும் மாதிரியை இணைக்கும் முறை வேறு. ஸ்விங்கின் நியம நூலகத்தில் மரத்துக்கு ஜேட்ரீயும் அட்டவணைக்கு ஜேடேபிளும் தனித்தனியே உண்டு, இரண்டும் சேர்ந்த ஒன்று இல்லை. ஸ்விங்எக்ஸ் நூலகத்தின் ஜேஎக்ஸ்ட்ரீடேபிளையோ நெட்பீன்ஸின் அவுட்லைனையோ நாட வேண்டும். இவற்றில் அவுட்லைனின் அமைப்பு எனக்குப் பிடித்தது: படிநிலையை ஒரு மாதிரியும் நிரல்களை இன்னொரு மாதிரியும் சொல்லுமாறு கேட்பதால், யார் யாருக்குக் கீழ் என்பதும் எதைக் காட்டுவது என்பதும் கலந்துபோவதில்லை. ஜாவாஎஃப்எக்ஸில் ட்ரீடேபிள்வியூ 2014இல் ஜாவா 8உடன் வந்தது. 2018இல் ஜாவா 11 வெளியானபோது ஜாவாஎஃப்எக்ஸ் தனியாகப் பிரிக்கப்பட்டதால், பழைய மென்பொருளைப் புதிய கணினிக்கு மாற்றுவோர் அந்த நூலகத்தைத் தாமே சேர்க்க வேண்டும்.

ஜாவாஎஃப்எக்ஸில் ஒரு நிரலுக்கு எந்தப் பெறுமதி என்பதைச் செல்வேல்யூஃபாக்டரி சொல்கிறது. புலத்தின் பெயரை வெறும் எழுத்துச்சரமாகக் கொடுக்கும் ட்ரீஐட்டம்ப்ராப்பர்ட்டிவேல்யூஃபாக்டரி எழுதுவதற்கு எளிது. ஆனால் பெயரில் ஓர் எழுத்து தவறினால் தொகுப்பான் (செய்நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர்) எதுவும் சொல்லாது, மென்பொருள் ஓடும், நிரல் மட்டும் வெறுமையாக இருக்கும். மாற்றத்தைத் திரைக்கு அறிவிக்கும் ப்ராப்பர்ட்டி செயல்முறை புலத்துக்கு இல்லாமல், பெறுமதியை வாசித்துத் தரும் கெட்டர் மட்டும் இருந்தால் பெறுமதி தெரியும், ஆனால் பின்னர் மாதிரியில் மாறுவது திரைக்கு வராது. நிவாரணப் பட்டியலில் வெறுமையான கட்டம் ‘எதுவும் வழங்கப்படவில்லை’ என்று வாசிக்கப்படும் என்பதை எண்ணிப் பாருங்கள். பொருளின் ப்ராப்பர்ட்டியை நேரடியாகத் திருப்பித் தரும் லாம்ப்டாவை (பெயரற்ற சிறு செயல்முறையை) எழுதினால் இந்த இரண்டு ஆபத்துகளும் நீங்கும். பெயர் தவறினால் தொகுக்கும்போதே தெரிந்துவிடும்.

தோற்றத்தை நம் விருப்பப்படி மாற்றும் இடத்தில் இன்னொரு பிழை மறைந்திருக்கிறது. அட்டவணை ஆயிரக்கணக்கான நிரைகளுக்கும் தனித்தனிக் கட்டங்களை உருவாக்குவதில்லை. திரையில் தெரியும் அளவுக்கு மட்டும் உருவாக்கி, உருட்டும்போது அதே கட்டங்களை வேறு பதிவுகளுக்குத் திரும்பப் பயன்படுத்துகிறது. வீடு முற்றாகச் சேதமடைந்த குடும்பத்தைச் சிவப்பில் காட்ட விரும்பி, கட்டத்தில் பதிவை நிரப்பும் அப்டேட்ஐட்டம் செயல்முறையில் ‘முற்றாகச் சேதம் என்றால் சிவப்பாக்கு’ என்று மட்டும் எழுதினால், அந்தக் கட்டம் அடுத்த பதிவுக்குப் போகும்போதும் சிவப்பாகவே போகும். கீழே உருட்டி மேலே வந்தால் சேதமே இல்லாத குடும்பங்கள் சிவப்பாகத் தெரியும். நிபந்தனை பொருந்தாத போதும், கட்டம் வெறுமையான போதும் நிறம், எழுத்து, படம் அனைத்தையும் நீக்கும் வரிகள் கட்டாயம் வேண்டும்.

அடுக்குவதைப் பற்றித் தமிழில் எழுதுவோர் தனியாகக் கவனிக்க வேண்டும். ஜாவாவின் இயல்பான எழுத்துச்சர ஒப்பீடு யூனிகோட் இலக்கத்தின்படி செல்வதால் ‘ன’ பகரத்துக்கு முன்னரும், ‘ற’ லகரத்துக்கு முன்னரும் வந்துவிடும். புள்ளி வைத்த மெய், அதன் உயிர்மெய்கள் அனைத்துக்கும் பின்னால் தள்ளப்படும். கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்துப் பழகிய உத்தியோகத்தர் பெயரைத் தேடிக் காணாமல், குடும்பம் பட்டியலிலேயே இல்லை என்று நினைத்து இரண்டாம் முறை பதிந்துவிடுவார். பன்மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ நூலகத்தின் தமிழ் ஒப்பீட்டை அந்த நிரலுக்குக் கொடுத்தால் அகரவரிசை சரியாக வரும்.

பெற்றோர் நிரையில் காட்டும் கூட்டுத்தொகையை நான் எப்போதும் மாதிரியிலேயே கணிக்கச் சொல்வேன். கிண்ணியா என்ற பிரிவின் நிரையில் தெரியும் மொத்தம், கீழே விரிந்துள்ள நிரைகளைக் கூட்டி வந்ததாக இருந்தால், வடிகட்டி ஒன்றை இட்டவுடன் அந்த மொத்தமும் சத்தமின்றிக் குறைந்துவிடும். அதை அப்படியே அச்சிட்டு மாவட்ட செயலகத்துக்கு அனுப்பினால் அடுத்த ஒதுக்கீடு குறையக்கூடும். வடிகட்டிய தொகையும் தேவை என்றால் அதை வேறொரு நிரலில், வேறொரு தலைப்புடன் காட்ட வேண்டும்.

மாற்றத்தை அறிவிப்பதிலும் சோம்பல் கூடாது. ஒரு குடும்பத்தின் தொலைபேசி இலக்கம் மாறியதற்காக ‘மரத்தின் அமைப்பே மாறியது’ என்று அறிவிக்கும் ஸ்விங்கின் ட்ரீஸ்ட்ரக்சர்சேஞ்ச்ட் நிகழ்வை எழுப்பினால், அதை எந்தக் கணுவுக்கு எழுப்பினோமோ அதற்குக் கீழே விரிந்திருந்த கிளைகள் எல்லாம் சுருங்கிவிடும். ஜாவாஎஃப்எக்ஸில் வேர்க் கணுவைப் புதிதாக உருவாக்கி வைப்பதன் விளைவும் அதுவே. வரிசையில் மக்கள் காத்திருக்க, உத்தியோகத்தர் மறுபடியும் பிரிவைத் திறந்து, கிராமத்தைத் திறந்து, குடும்பத்தைத் தேடுகிறார். அந்த அவசரத்தில்தான் பக்கத்து நிரையில் அழுத்துவதும் நேர்கிறது. மாறியது எதுவோ அந்தக் கணுவை மட்டும் அறிவியுங்கள்.

மென்பொருளைப் பெறும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கையளிக்கும் நாளில் பத்துப் பதிவுகளை மட்டும் வைத்துக் காட்டும் செயல்விளக்கத்துடன் திருப்தியடைய வேண்டாம். திரையில் அடங்காத அளவுக்குப் பதிவுகளை ஏற்றச் சொல்லுங்கள். ஒரே பெயருடைய இரு குடும்பங்கள் அவற்றில் இருக்கட்டும். பெயர் நிரலை அடுக்கி, நடுவில் ஒரு கிராமத்தைச் சுருக்கி, அவ்விரு குடும்பங்களில் ஒன்றின் அடையாள அட்டை இலக்கத்தை மாற்றிச் சேமியுங்கள். பிறகு மென்பொருளை மூடித் திறந்து, மாற்றம் எந்தக் குடும்பத்தில் நின்றிருக்கிறது என்பதைத் தரவுத்தளத்திலேயே நேரடியாகக் காட்டச் சொல்லி, அதன் பின்னர் கையொப்பமிடுங்கள்.