டிசி மட்டும் வாங்கிவிடாதீர்கள்

போன வியாழக்கிழமை தாராவி 90 அடி ரோட்டிலிருந்து ஓர் அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையனுக்கு 15 வயது. ரத்தப் புற்றுநோய், லிம்போபிளாஸ்டிக் வகை. கடினமான கட்டமெல்லாம் முடிந்து இப்போது நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் மெயின்டெனன்ஸ் மாத்திரையில் இருக்கிறான். முடி நன்றாக வளர்ந்துவிட்டது. கையில் ஒரு புது நோட்டு. அட்டையில் பெயர் மட்டும் எழுதியிருந்தான், கீழே பள்ளியும் வகுப்பும் எழுதும் கோடு காலியாக இருந்தது.

“எந்த கிளாஸ்னு போடணும் டீச்சர்?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“எல்சி, அதான் டிசி, வாங்கிட்டீங்களா அண்ணாச்சி?”

“ஸ்கூல்லதான் சொன்னாங்க டீச்சர். இவ்வளவு லீவு போட்டா ரிஜிஸ்டர்ல சிக்கல் வரும், இப்ப வாங்கிட்டுப் போங்க, குணமானதும் வாங்க, சேத்துக்கிறோம்னு.”

குணமாகி வருகிறான். போய்க் கேட்டால் சீட் இல்லையாம். 16 மாதமாகப் பையன் எந்த வகுப்பிலும் இல்லை.

பரேல் பக்கத்து மருத்துவமனை வார்டுகளிலும், சயான், மாட்டுங்கா, செம்பூர் வீடுகளிலும் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து 14 வருடம் ஆகிறது. இந்த வருடம் மட்டும் என்னிடம் இப்படி வந்தது இது நான்காவது பிள்ளை. அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பையில் எல்சி என்பார்கள், நம்மூரில் டிசி. பெயர் எதுவானாலும் அந்தத் தாளை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். பள்ளி நீட்டினாலும் வாங்காதீர்கள். நீண்ட விடுப்பு வேண்டும் என்று எழுதி, மருத்துவமனைச் சான்றிதழை இணைத்துக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நேரில் வாங்கிக்கொள்ள மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாயால் சொன்ன “சேத்துக்கிறோம்” அடுத்த வருடம் தலைமையாசிரியர் மாறினால் காற்றோடு போய்விடும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-ல் வந்தது, 6 முதல் 14 வயது வரைக்கும்தான். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பள்ளியும் பிள்ளையை வெளியேற்ற முடியாது. பாதியில் நின்ற பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும். ஆகவே நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு டிசி வாங்கிவிட்டீர்கள் என்றால்கூடச் சரிசெய்துவிடலாம். ஒன்பதாம் வகுப்பில் அந்தக் குடை இல்லை. இந்தப் பையன் நனைந்தது அங்கேதான்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு இன்னொரு பயம், 75 சதவீத வருகை. வருகை குறைந்துவிட்டது, இனி பரீட்சை எழுத முடியாது, அதனால் நிறுத்திவிட்டோம் என்று வருகிறார்கள். அந்த விதிக்குள்ளேயே, புற்றுநோய், காசநோய் போன்ற கடும் நோயால் நீண்ட நாள் மருத்துவமனையில் கிடந்த பிள்ளைகளுக்கு வருகை 60 சதவீதத்துக்குக் கீழே போனாலும் விலக்குக் கேட்க இடம் இருக்கிறது. ஆனால் கேட்கவேண்டியது பள்ளி வழியாக. பள்ளியில் பெயர் இருந்தால்தானே கேட்பதற்கு?

வீட்டிலிருந்தே படிக்கச் சட்டம் இருக்கிறதாமே என்று சிலர் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறார்கள். இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்தது. அது கடும் ஊனமும் பல்வகை ஊனமும் உள்ள பிள்ளைகளுக்கு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் என்ற ரத்த நோய்கள் மூன்றும் உண்டு. ரத்தப் புற்றுநோய் இல்லை. சிறுநீரகச் செயலிழப்பும் இல்லை. எலும்புப் புற்றுநோய்க்காகக் காலை எடுத்திருந்தால் அந்தக் கால் கணக்கில் வரும், புற்றுநோய் வராது. சட்டம் எழுதியவர்கள் யாரும் கீமோ வார்டில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

சரி, பள்ளிகளை மட்டும் திட்டி முடித்துவிட முடியாது. வீட்டில் ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல்: “முதல்ல உடம்பு தேறட்டும், படிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

கேட்க எவ்வளவு பாசமாக இருக்கிறது! இந்த ‘அப்புறம்’ எவ்வளவு நாள் தெரியுமா? லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை மொத்தம் இரண்டிலிருந்து மூன்று வருடம். தலசீமியா பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றவேண்டும், வருடக்கணக்காக. டயாலிசிஸ் வாரத்துக்கு 3 நாள், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை. இவர்களுக்கெல்லாம் உடம்பு தேறி, நல்ல நாள் பார்த்து, அப்புறம் புத்தகத்தைத் திறப்பதென்றால் எப்போது?

படித்தால் மூளைக்கு அலுப்பு, ரெஸ்ட் வேண்டும் என்பார்கள். அந்த ரெஸ்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காலை எட்டு மணிக்குப் பிள்ளை கையில் போன் ஏறும், ராத்திரி சார்ஜ் தீரும்வரை இறங்காது. ஆறு மணி நேரம் ரீல்ஸ் பார்த்தால் அலுக்காத மூளை இருபது நிமிடம் கணக்குப் போட்டால் அலுத்துவிடுமா? இந்த 14 வருடத்தில் ஒரு டாக்டர்கூடப் படிக்கக் கூடாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கூட்டத்தில் போகவேண்டாம் என்று சொல்வார்கள். அதைத்தான் வீட்டுக்கு வந்து படிக்கவேண்டாம் என்று மாற்றிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. முதுகுத்தண்டில் போடும் ஊசி, தலைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு இவற்றால் சில பிள்ளைகளுக்குக் கவனமும் வேகமும் குறையும். முன்பு ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொண்ட பெண் இப்போது மூன்று முறை கேட்பாள். படிக்க வைத்ததால்தான் மூளை சோர்ந்துபோச்சு என்று அம்மா நோட்டைப் பிடுங்கி வைக்கிறார். காரணம் மருந்து, நோட்டு இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் வேண்டும்.

பிள்ளைகள் இந்த ‘அப்புறம்’ என்ற வார்த்தையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கோலிவாடாவில் 11 வயதுப் பெண் ஒருத்தி பாயில் படுத்தபடி என்னிடம் கேட்டாள்: “எங்கம்மா தினம் படி படின்னு அடிக்கும். இப்ப ஒண்ணுமே சொல்றதில்ல. நான் செத்துடுவேனா அக்கா?” அன்றைக்கு அவளுக்கு ஐந்து வார்த்தை டிக்டேஷன் வைத்தேன். இரண்டு தப்பு. பத்து முறை எழுதச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக யாரும் இம்போசிஷன் எழுதி நான் பார்த்ததில்லை. அவள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள்.

பெண் பிள்ளை என்றால் டிசி இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். வெளியில் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று ஆரம்பிப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு!

எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மணிக்கணக்கு வேண்டாம். ஒரு தடவைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். முதுகில் ஊசி போட்ட அன்று பாடம் கிடையாது, படுத்திருக்கட்டும். ஸ்டீராய்டு ஓடும் வாரத்தில் பிள்ளை பசி பசி என்று கத்தும், காரணமில்லாமல் அழும், புத்தகத்தை எறியும். அது திமிர் இல்லை, மாத்திரை. அந்த வாரம் கதை படித்துக் காட்டுங்கள். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து போடும் பிள்ளைகளுக்கு விரல் வலுவிழக்கும், எழுத்து கோணும். கையெழுத்துக்கு அடிப்பவர்களை என்ன சொல்வது! தடிமனான பென்சில் கொடுங்கள், பாதிப் பதிலை வாயால் வாங்குங்கள். ஊசிக்குழாய் குத்த நர்ஸ் வரும்போது, சிஸ்டர், இவன் வலது கையால் எழுதுவான், இடது கையில் போடுங்கள் என்று கேளுங்கள். நரம்பு கிடைத்தால் போட்டுவிடுவார்கள். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். டயாலிசிஸ் பிள்ளைக்கு அந்த நாலு மணி நேரமே வகுப்பு, ஆனால் முதல் இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், பிறகு துவண்டுவிடுவார்கள்.

டியூஷன் எடுக்க வரும் ஆசிரியர்களுக்கு: சளி, இருமல் இருந்தால் வராதீர்கள், சம்பளம் போனாலும் பரவாயில்லை. வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அலமாரி அடியில் கிடந்த தூசிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அப்புறம், பிள்ளை முன்னால் ‘பாவம்’ என்று சொல்லிக் கண்ணைத் துடைக்காதீர்கள். வாசலுக்கு வெளியே போய் அழுங்கள், நானும் அப்படித்தான் அழுகிறேன்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு ரயிலேறி வந்து எட்டு மாதம் பத்து மாதம் பரேலில் தங்கும் குடும்பங்களுக்கு வேறு தொல்லை. வார்டில் பாடம் நடக்கிறது, ஆனால் இந்தியிலும் மராத்தியிலும். நம் பிள்ளை ஓரமாகப் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முழுவதும் பிடிஎஃபாக இலவசமாகக் கிடைக்கின்றன, போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஊர்ப் பள்ளி வகுப்பாசிரியரிடம் வாரம் ஒரு தடவை வீடியோ காலில் பேசவையுங்கள். 2020-ல் நாடு முழுக்கப் போனில் பாடம் நடத்தியவர்கள்தானே, ஒரு பிள்ளைக்காக ஐந்து நிமிடம் முடியாதா? கேட்டால் பெரும்பாலோர் செய்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை மார்ச்சில் முடியாமல் போனால் துணைத் தேர்வு இருக்கிறது.

பள்ளிக்குத் திரும்பும் நேரத்தை டாக்டர் சொல்லவேண்டும், பக்கத்து வீட்டு மாமி இல்லை. மெயின்டெனன்ஸ் வந்ததும் பெரும்பாலும் போகலாம் என்பார்கள். எழுதி வாங்குங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றைக்கே உங்களுக்குப் போன் வரவேண்டும், நீங்கள் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லவேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் பேசி வையுங்கள். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது என்பதைப் பிள்ளை வகுப்புக்குள் நுழைவதற்கு முதல் நாளே அவர் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் நல்லது. நுழைந்த பிறகு சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

தாராவிப் பையன் விஷயம். திங்கட்கிழமை டாக்டர் கடிதத்தோடு நானும் பழைய பள்ளிக்குப் போகிறேன். அங்கே நடக்காவிட்டால் பக்கத்தில் இன்னும் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. அதுவும் இல்லையென்றால் என்ஐஓஎஸ், மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி. ஐந்து வருடத்துக்குள் 9 தடவை, ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதிக்கொள்ளலாம், நோயுள்ள பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. அதைப் படிக்காதவன் போகும் இடம் என்று நினைத்து அவன் அப்பா முகம் சுளிக்கிறார். அவரோடு அது தனிச் சண்டை.

அட்டையில் இப்போதைக்கு 9 என்று எழுதச் சொன்னேன். பென்சிலால் எழுதினான். புதன்கிழமை ரத்தப் பரிசோதனை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தால் வியாழன் இரண்டு மாறிச் சமன்பாடு ஆரம்பிக்கிறோம்.