கசியும் எண்ணெயைத் துடைக்காதீர்கள்

மரச்சிற்பங்களைப் பராமரிப்பது என் தொழில். ஒருமுறை ஏலத்தில் வாங்கிய சிலையொன்றைப் பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார் ஒருவர். பெரிய தலை, புடைத்த தொப்புள், குட்டைக் கால்கள். "கோடை வந்தால் இதற்கு வியர்க்கிறது சார். வாராவாரம் டர்பன்டைன் தொட்டுத் துடைக்கிறேன், நிற்கவே மாட்டேனென்கிறது" என்றார். ஒரு முழங்கால் கன்னங்கரேலென்று மின்னியது. அவர் கைக்கு வாகாக இருந்த மற்றொன்றோ வெளிறி, வெறும் கட்டையாகத் தெரிந்தது.

அது காபோன், தெற்குக் கேமரூன், ஈக்வடோரியல் கினி பகுதிகளில் வாழும் ஃபாங் மக்களின் பியெரி சிலை. முன்னோரின் மண்டையோடுகளை மரப்பட்டையாலான உருளைப் பெட்டியில் வைத்து, அதன் மேல் இதை உட்காரவைத்திருந்தார்கள். முதுகுக்குக் கீழே நீண்டிருக்கும் கட்டை பெட்டியில் பொருத்துவதற்கானது. இளைஞர்களைச் சடங்கில் சேர்க்கும்போது சிலையைக் கழற்றி, திரைக்கு மேலே தூக்கி ஆட்டியதும் உண்டு. ஆனால் புனிதம் எலும்புகளுக்குத்தான், சிலை காவல்காரன். உளுத்துப்போனால் வேறு செதுக்கிக்கொள்ளலாம். மண்டையோட்டுக்கு மாற்று ஏது? ஐரோப்பியர்கள் காவல்காரனை அள்ளிக்கொண்டு போனார்கள். பெட்டி கூடவே வந்து சேர்ந்த சிலைகள் மிகக் குறைவு.

அந்த 'வியர்வை' செம்பனை எண்ணெய். வழிபடுவோர் திரும்பத் திரும்பப் பூசிய எண்ணெயை மரம் குடித்து வைத்திருக்கிறது. இன்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் வைத்திருந்த ஃபாங் தலைச்சிற்பம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கரிய முகத்திலும் எண்ணெய் கசிந்து பளபளக்கிறது.

வீட்டில் இப்படியொன்று இருந்தால் விளக்கின் சூடு நேராகப் படாத இடத்தில் வையுங்கள். மெழுகு, பாலிஷ், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். அதைச் சுரண்டாமல் தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். (ஷூ பாலிஷ் வாசனை அடிக்கும் 'பழைய' சிலைகளும் என் மேசைக்கு வந்ததுண்டு. அவற்றை எப்படி வேண்டுமானாலும் துடைக்கலாம்.)

வெளிறிய முழங்காலுக்குக் கடையில் செம்பனை எண்ணெய் வாங்கித் தடவலாமா என்று கேட்டார் அவர். நிறம் வந்துவிடும், அதுதான் சிக்கல் என்றேன். எது வழிபட்டவர்கள் பூசியது, எது நீங்கள் பூசியது என்று நாளைக்கு என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. சற்று நேரம் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சிலையைச் சுற்ற மறுபடியும் அதே துணியை எடுத்தார். அதை வாங்கிவைத்துக்கொண்டு ஒரு பெட்டி கொடுத்தனுப்பினேன்.