கோர்ட் கொடுத்த கெடு முடியப் போகிறதா? ஆவணம் காட்ட கூடுதல் நாள் கேட்பது எப்படி

சொத்து வழக்கோ, பணம் வர வேண்டிய வழக்கோ, எதிராளியிடம் இருக்கும் ஆவணத்தை வரவழைப்பதும் நம்மிடம் இருப்பதைக் காட்டுவதும்தான் பாதி வழக்கு. இதற்கென்றே நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், வக்கீல்கள் சி.பி.சி. என்று சொல்கிற அதே சட்டத்தில், ஆர்டர் 11 என்று ஒரு பகுதி இருக்கிறது. கோர்ட் அனுமதியோடு எதிராளிக்கு எழுத்தில் கேள்விகள் கொடுக்கலாம், அவர் 10 நாளுக்குள் அல்லது கோர்ட் சொல்கிற தேதிக்குள் அபிடவிட்டாக, அதாவது சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலமாகப் பதில் தர வேண்டும். உங்களிடம் என்னென்ன ஆவணம் இருக்கிறது என்று பட்டியல் கேட்கலாம், அதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியும் கேட்கலாம்.

இந்த உத்தரவை மதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எதிர்த்தரப்பு மனு போட்டால், இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, வாதியின் வழக்கையே தள்ளுபடி செய்யவும் பிரதிவாதியின் எதிர்வாதத்தை நீக்கவும் ஆர்டர் 11 விதி 21 இடம் கொடுக்கிறது. அப்படித் தள்ளுபடியானால் அதே காரணத்துக்காக வாதி புதிதாக வழக்குப் போடவும் முடியாது. ஒரு வாய்தா போனால் என்ன என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, நாள் போதவில்லை என்றால்? அதே சி.பி.சி.யில் பிரிவு 148 இருக்கிறது. கோர்ட் ஒரு வேலைக்குக் கொடுத்த அவகாசத்தை அதே கோர்ட் நீட்டித்துத் தரலாம், கெடு முடிந்த பிறகு கேட்டாலும் தரலாம். ஆனால் மொத்தம் 30 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு சேர்த்தார்கள், அது 2002 ஜூலையில் அமலுக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் போனது நம் சேலம் வக்கீல் சங்கம்தான். 2005-இல் வந்த தீர்ப்பு, நம் கைமீறிய காரணத்தால் 30 நாளில் முடிக்க முடியாமல் போனால் அதற்கு மேலும் கோர்ட் அவகாசம் தரலாம் என்று சொன்னது. எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் பழைய பத்திரத்துக்கு நகல் கேட்டு அலைந்தவர்களுக்குத் தெரியும், 30 நாள் என்பது சில ஆபீஸ்களில் கோப்பைத் தேடுவதற்கே போய்விடும்.

இனி கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உங்கள் வழக்கு வணிக நீதிமன்றத்தில், அதாவது கமர்ஷியல் கோர்ட்டில் நடந்தால் மேலே சொன்ன தாராளம் அங்கே கிடையாது. 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 3 லட்ச ரூபாய் மதிப்புள்ள வணிகத் தகராறே அங்கே போகலாம், அதனால் சின்ன வியாபாரிகளும் இதில் மாட்டுகிறார்கள். அங்கே வாதி தன்னிடம் இருக்கும் ஆவணங்களை எல்லாம் வழக்குரையோடே, அதாவது வழக்குத் தொடுக்கும் மனுவோடே கொடுத்துவிட வேண்டும். அவசரமாகப் போட்ட வழக்கு என்று அனுமதி வாங்கியிருந்தால், மீதியைத் தர 30 நாள். எதிருரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துப் பதில், வந்த 30 நாளில் ஆவணங்களைப் பார்வையிட்டு முடிக்க வேண்டும், கோர்ட் நினைத்தால் இன்னொரு 30 நாள் தரலாம், அதற்கு மேல் இல்லை. பிரதிவாதி எதிருரை போட உச்ச வரம்பு சம்மன் கிடைத்ததிலிருந்து 120 நாள், 121-ஆவது நாளில் அந்த உரிமையே போய்விடும், 2019-இல் சுப்ரீம் கோர்ட் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. சாதாரண உரிமையியல் கோர்ட்டில் எதிருரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 என்று இருந்தாலும், அது கட்டாய வரம்பு இல்லை, தக்க காரணம் இருந்தால் அதையும் தாண்டி கோர்ட் ஏற்கலாம்.

மனு எழுதும்போது பெரும்பாலும் தவறு நடப்பது காரணத்தில்தான். “தவிர்க்க இயலாத சில காரணங்களால்” என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் நீதிபதிக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதற்குப் பதில் எந்தத் தேதியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தீர்கள், இன்றுவரை அங்கே என்ன பதில், இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று அபிடவிட்டில் எழுதி, விண்ணப்ப ரசீதின் நகலையும் கூடவே வையுங்கள். நகல் தாமதமாகும் என்று தெரிந்த அன்றைக்கே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், கெடு முடிவதற்கு முன்னால் போட்ட மனுவுக்கும் முடிந்த பிறகு போட்ட மனுவுக்கும் நீதிபதி பார்வையில் நிறைய வித்தியாசம் உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் “ஆட்சேபணை இல்லை” என்று எழுதிக் கொடுத்தால் வேலை சுலபமாகலாம், ஆனால் அதற்காக நீதிபதி கட்டாயம் அனுமதிக்க வேண்டும் என்பதில்லை. செலவுத் தொகை கட்டச் சொல்லி அனுமதித்தால் குறித்த நாளுக்குள் கட்டி ரசீதை வாங்கி வையுங்கள்.

கெடுவின் கடைசி நாள் கோர்ட் விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் தாக்கல் செய்யலாம். மனு தள்ளுபடியானால் அரசியலமைப்புப் பிரிவு 227-இன் கீழ் ஹைகோர்ட்டில் சீராய்வு மனு போட வழி இருக்கிறது, வழக்கு நடக்கும் மாவட்டத்தைப் பொறுத்து அது சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ போகும்.