ஆர்கன்: குழற்பேரியம்

தேவாலயங்களில் ஒலிக்கும் ஆர்கனின் பெயர், 'கருவி' என்று பொருள்படும் 'ஆர்கனான்' என்ற கிரேக்கச் சொல்லில் பிறந்து, லத்தீனில் 'ஆர்கனும்' ஆகி, ஐரோப்பிய மொழிகளில் பரவியது. உடலுறுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதுவே வேர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்துப் பொறியாளர் கிடெசிபியஸ், நீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராக்கிக் குழல்களுக்கு அனுப்பிய கருவியே இதன் முன்னோடி.

தமிழில் 'குழாய் ஆர்கன்' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் குழாய் என்றதும் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. இசைக்குக் குழல் என்பதே நம் வழக்கு. பல்லியம், இன்னியம் ஆகிய பழஞ்சொற்களில் வாத்தியத்தைக் குறிக்கும் 'இயம்' இருப்பதால், 'குழற்பேரியம்' என்பதே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆர்மோனியத்தையும் இதையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. துருத்தி இரண்டுக்கும் பொது என்றாலும், ஆர்மோனியத்தில் உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கின்றன. குழற்பேரியத்திலோ, கட்டையை அழுத்தியதும் அடைப்பு திறந்து, காற்றுப்பெட்டியில் தேங்கிய காற்று அந்தச் சுரத்துக்குரிய குழலில் ஏறுகிறது.

குழல் என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ள பேரியம் ஒன்று பிலிப்பைன்சின் லாஸ் பின்யாஸ் நகரத் தூய யோசேப்பு ஆலயத்தில் இருக்கிறது. ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் அங்கே பங்குத்தந்தையாக இருந்த தியேகோ செரா, 1816இல் தொடங்கி 1824இல் முடித்த இக்கருவியின் 1,031 குழல்களில் 902 மூங்கிலாலானவை. நம் 'வேய்ங்குழல்' என்ற சொல்லிலுள்ள 'வேய்' மூங்கிலேதான். வெட்டிய மூங்கில்களைப் பூச்சி அரிக்காதிருக்க முதலில் மணலில் புதைத்து வைத்து, கெடாமல் தேறியவற்றையே எடுத்துக் குழல்களாக்கினார் என்பதிலேயே அவருடைய பொறுமை தெரிகிறது. எக்காள ஒலிக்குரிய குழல்களை மட்டும் உலோகத்தில் செய்து, ஸ்பானிய மரபுப்படி முகப்பிலிருந்து கிடைமட்டமாக முன்னே நீட்டி வைத்தார்.

நிலநடுக்கத்தாலும் புயலாலும் பழுதுற்ற இப்பேரியத்தை 1973இல் ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் பட்டறைக்கு அனுப்பினர். அந்நாட்டு உலர்காற்றில் மூங்கில் வெடித்துவிடக்கூடும் என்பதால், பிலிப்பைன்சின் வெப்பமும் ஈரப்பதமும் நிலவும் தனி அறையில் வைத்தே அங்குள்ளோர் அதைச் செப்பனிட்டு, 1975இல் ஆலயத்துக்குத் திருப்பி அனுப்பினர்.